இலைத் தேயிலையை டீபாட்டில் இறக்குவது எப்படி?

கேள்வி: குன்னூரிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் நல்ல இலைத் தேயிலை வந்திருக்கிறது. பீங்கான் டீபாட்டில் போட்டால் முதல் கோப்பை வெளிறிப்போய், வாசனையே இல்லாமல் வருகிறது. பத்து நிமிடம் கழித்து ஊற்றும் இரண்டாவது கோப்பை வாயில் வைக்க முடியாதபடி துவர்க்கிறது. அதே இலையை அடுப்பில் கொதிக்கவைத்தால் கசப்புதான் மிச்சம். எங்கே தவறு? இதற்குப் பால் சேர்க்கலாமா?

பதில்:

இரண்டு கோப்பைக்கும் காரணம் வேறு வேறு. முதல் கோப்பை வெளிறியதற்குக் காரணம், பாட்டுக்குள் சூடு போதவில்லை. இரண்டாவது கோப்பை துவர்த்ததற்குக் காரணம், நேரம் முடிந்த பிறகும் இலை தண்ணீரிலேயே கிடந்தது. தேயிலையில் குற்றம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுப்பில் ஏன் சரிப்படவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு வீடுகளிலும் டீக்கடைகளிலும் புழங்குவது சி.டி.சி. தூள். பல் வைத்த உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் முறை அது. அசாமில் 1930களில் பரவத் தொடங்கியது. இலையின் செல்கள் முழுக்க உடைந்திருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தாலும் நின்று பேசும். உங்களிடம் இருப்பது ஆர்த்தடாக்ஸ் முறையில் வந்த இலை. கொழுந்தை வாடவிட்டு, உருட்டி முறுக்கி, புளிக்கவைத்து உலர்த்தியது. இதில் இலையின் உடம்பு பெரிதும் முழுசாக இருக்கிறது; சாறு மெல்லத்தான் வெளியே வரும். இதன் உயர்வு வாசனையில் இருக்கிறது, அந்த வாசனைப் பொருட்களோ ஆவியோடு பறந்துவிடக்கூடியவை. கொதிக்கவிட்டால் வாசனை சமையலறைக்கும் துவர்ப்பு கோப்பைக்கும் போய்ச் சேரும்.

நீலகிரியில் தயாராவதில் பெரும்பகுதி சி.டி.சி.தான். இலங்கையில் அதற்கு நேர்மாறு, பெரும்பகுதி ஆர்த்தடாக்ஸ். அதனால்தான் இலங்கைத் தமிழர் வீடுகளில் கொதித்த தண்ணீரைத் தேயிலை மேல் ஊற்றி, மூடிவைத்து, வடித்து, பனங்கட்டியையோ சீனியையோ கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேத்தண்ணி இயல்பான வழக்கமாக இருக்கிறது. டீபாட்டில் செய்வதும் அடிப்படையில் அதுவே. மேற்கொண்டு தேவைப்படுவது கொஞ்சம் கணக்கு.

சூடு

கறுப்புத் தேயிலைக்குத் தண்ணீர் இலையைத் தொடும்போது 93 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஊற்றும்போது 97 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட் அலமாரியிலிருந்து எடுத்தது, 28 டிகிரி. அரை லிட்டர் கொள்ளும் பீங்கான் பாட் மூடியோடு சுமார் 500 கிராம் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் பீங்கான் உறிஞ்சும் சூடு தண்ணீர் உறிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக அந்தப் பாட் 100 மில்லி குளிர்ந்த தண்ணீருக்குச் சமம். 500 மில்லி வெந்நீரில் 100 மில்லி பச்சைத் தண்ணீரைக் கலந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது: சூடு 85, 86 டிகிரிக்கு விழுந்துவிடுகிறது. இலை நனையத் தொடங்கும் அந்த முதல் நிமிடத்தில்தான் வாசனையும் நிறமும் வேகமாக இறங்க வேண்டும். அந்த நேரத்தில் பாட் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

அதே பாட்டை முன்னதாக வெந்நீர் ஊற்றி 75 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் கலவை 93 டிகிரியில் நிற்கும். வித்தியாசம் ஏழெட்டு டிகிரி. வெளிறிய கோப்பைக்கும் நிறமான கோப்பைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

சும்மா கழுவியதுபோல் வெந்நீரைச் சுழற்றிக் கொட்டினால் போதாது. பாட்டில் பாதிக்கு மேல் கொதிநீர் ஊற்றி, மூடியும் போட்டு, முழுதாக ஒரு நிமிடம் வைக்க வேண்டும். வெளிப்பக்கத்தைக் கை தாங்காத அளவுக்குச் சூடு ஏறிய பிறகுதான் கொட்ட வேண்டும். கொட்டியதும் அடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, இலையைப் போடுங்கள். சூடான பாட்டில் உலர்ந்த இலையைப் போட்டு மூடி, பத்து விநாடி கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். தேயிலை புதிதா பழசா என்பது அப்போதே தெரிந்துவிடும். நல்ல இலை மலர்வாசனையோ பழவாசனையோ காட்டும். பழசு அட்டைப்பெட்டி வாடை அடிக்கும்.

அதற்குள் கெட்டிலை மறுபடி கொதிக்கவிட்டிருக்க வேண்டும். கெட்டில் நின்று ஒரு நிமிடம் போன தண்ணீரை ஊற்றாதீர்கள். பாட்டைக் கெட்டிலுக்குக் கொண்டுபோங்கள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வருவதில் சூடு போகிறது. டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றவும் கூடாது, அதிலும் மூன்று நான்கு டிகிரி போய்விடும். கெட்டிலைப் பாட்டின் வாய்க்கு அருகே வைத்து, இலையின் மேலேயே வேகமாக ஊற்றி, உடனே மூட வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரிலும் நுவரெலியாவிலும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. அங்கே குளிர்ந்த பாட்டில் ஊற்றினால் கலவை 80 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே மலையூர்களில் பாட்டைச் சூடாக்குவதைத் தவிர்க்கவே முடியாது. நேரத்தையும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் நன்றாக வரும் கணக்கு அங்கே அப்படியே வராது.

ஊற்றிய பின் பாட்டை ஒரு தடித்த துண்டால் சுற்றி வையுங்கள். பஞ்சு வைத்துத் தைத்த டீ உறை இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பது நம் வீடுகளில் யாரும் கவனிக்காமல் செய்யும் தவறு.

அளவும் நேரமும்

டீபாட்டில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: கடுப்பம் வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இலையைக் கூட்டினால் வாசனை, நிறம், கடுப்பம் மூன்றும் சேர்ந்து கூடும். நேரத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்துக்குப் பிறகு துவர்ப்பு மட்டும்தான் கூடும். வாசனையும் காபீனின் பெரும்பகுதியும் முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடுகின்றன. கனமான பாலிஃபீனால்கள் மெல்ல வந்துகொண்டே இருக்கும். நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்த வறட்சி அவற்றால் வருவது.

பால் இல்லாமல் குடிக்க 100 மில்லி தண்ணீருக்கு 1 முதல் 1.2 கிராம் இலை. அரை லிட்டர் பாட்டுக்கு 5 முதல் 6 கிராம். பால் சேர்ப்பதென்றால் 100 மில்லிக்கு ஒன்றரை கிராம், அதாவது அரை லிட்டருக்கு 7 முதல் 8 கிராம்.

தேயிலைச் சுவைஞர்கள் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரமுறையில் 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்று இருக்கிறது. 1980இல் வந்த அந்த முறையைப் பார்த்து வீட்டில் அப்படியே செய்துவிட்டு, கடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. தேயிலையின் குறைகள் மறைக்க இடமில்லாமல் வெளியே வரட்டும், ஒரு மாதிரியை இன்னொன்றோடு ஒப்பிட முடியட்டும் என்பதற்காக வகுத்த அளவு அது. குடித்து மகிழ்வதற்கான அளவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். நீளமாக முறுக்கிய ஓ.பி. (ஆரஞ்சு பெக்கோ) இலை ஸ்பூனில் காற்றோடு சேர்ந்துதான் நிற்கும். பொடியாக இருக்கும் பி.ஓ.பி.எஃப். (புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ ஃபேனிங்ஸ்) நெருக்கமாக உட்காரும். ஒரே ஸ்பூனில் இரண்டுக்கும் எடையில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் வரும். ‘ஆளுக்கொரு ஸ்பூன், பாட்டுக்கு ஒன்று’ என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கும் எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. இரண்டு கோப்பைப் பாட்டில் அந்தக் கூடுதல் ஸ்பூன் அளவைப் பாதிக்குப் பாதி ஏற்றிவிடும்; ஆறு கோப்பைப் பாட்டில் அது தெரியவே தெரியாது. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பாக்கெட் பிரித்ததும் ஒருமுறை எடை போட்டு, அந்தத் தேயிலைக்கு உங்கள் ஸ்பூனில் எவ்வளவு என்று பாக்கெட் மேலேயே எழுதிவிட்டால் தினமும் நிறுக்க வேண்டியதில்லை.

நேரம் இலையின் உருவத்தைப் பொறுத்தது. பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகள் சொல்வது அளவையும் தோற்றத்தையும்தான், சுவைத் தரத்தை அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. ஓ.பி., ஓ.பி.1, ஓ.பி.ஏ. போன்றவை நீண்ட இலை. நாலரை முதல் ஐந்து நிமிடம். பெக்கோ, எஃப்.பி.ஓ.பி. நான்கு நிமிடம். பி.ஓ.பி. உடைந்த இலை, மூன்று முதல் மூன்றரை நிமிடம். பி.ஓ.பி.எஃப். இன்னும் பொடி, இரண்டரை முதல் மூன்று நிமிடம். டஸ்ட் என்று போட்டிருந்தால் அதை டீபாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அது வடிகட்டியை அடைக்கும், அடியில் சேறுபோல் படியும். நுவரெலியா, திம்புள்ள போன்ற உயர்நிலத் தேயிலை பெரும்பாலும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். ஆகத்தான் கிடைக்கும். உங்கள் நுவரெலியாப் பாக்கெட்டும் அதுவாக இருந்தால், ஐந்து நிமிடம் வைத்தாலே அதிகம். நீங்கள் பத்து நிமிடம் வைத்திருக்கிறீர்கள்.

நிறத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்வது கைகொடுக்காது. நுவரெலியாத் தேயிலையும் நீலகிரியின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலத் தேயிலையும் முழுதாக இறங்கிய பிறகும் வெளிர் பொன்னிறமாகத்தான் இருக்கும். கருஞ்சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால் துவர்ப்பு முந்திக்கொள்ளும். இலங்கையின் தாழ்நிலத் தேயிலையும் அசாமும் இரண்டு நிமிடத்திலேயே அடர்நிறம் காட்டும், ஆனால் சுவை அதற்குள் நிறைந்திருக்காது. அதனால் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு சுற்று கலக்கி மூடுங்கள். இலையைச் சுற்றி நிற்கும் கனமான சாயம் விலகி, புதுத் தண்ணீர் இலையைத் தொடும். இரண்டு மூன்று முறை கலக்கினால் சூடும் போகும், துவர்ப்பும் ஏறும்.

நேரம் முடிந்ததும்

உங்கள் இரண்டாவது கோப்பையின் பிரச்சினைக்கு மருந்து இங்கே இருக்கிறது. நேரம் முடிந்ததும் பாட்டில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் ஊற்றிவிட வேண்டும், அல்லது இலையை வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவழி கிடையாது. இரண்டு பேர் இருந்தால் இரண்டு கோப்பை கொள்ளும் பாட் வையுங்கள். பெரிய பாட்டில் பாதி நிரப்பினால் சூடும் நிற்காது. ஒவ்வொரு கோப்பையிலும் பாதி பாதியாக ஊற்றி, திரும்பி வந்து நிரப்புங்கள். மேலே இருக்கும் டீ லேசாகவும் அடியில் இருப்பது கனமாகவும் இருப்பதால், ஒரே மூச்சில் ஒவ்வொன்றாக நிரப்பினால் கடைசிக் கோப்பைக்காரருக்குத்தான் கடுப்பு. கடைசிச் சொட்டுகளில் சுவை அடர்த்தியாக இருக்கும். அவற்றையும் பகிர்ந்து ஊற்றுங்கள்.

அரை மணி நேரம் வைத்துக் குடிப்பதென்றால், வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஒரு ஃபிளாஸ்க்கில் வடித்துவிடலாம். அந்த ஃபிளாஸ்க் காபிக்குப் பயன்பட்டதாக இருக்கக் கூடாது. ரப்பர் வளையத்தில் ஏறிய காபி வாடை எந்தக் கழுவலுக்கும் போகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஃபிளாஸ்க்கிலும் டீ மங்கி, வெந்த வாடை வரும். பாட்டை அடுப்பிலோ மெழுகுவத்தித் தாங்கியிலோ சூடாக வைத்திருப்பதும் அதே வாடையைத்தான் தரும்.

துருக்கியில் பதினைந்து நிமிடம்கூட ஊறவிடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே இரண்டு அடுக்குக் கெண்டியில், கீழ்க் கெண்டியின் ஆவிச்சூட்டில் மேல் கெண்டி இருக்கும். அதில் இறங்குவது நேரடியாகக் குடிப்பதற்கான டீ இல்லை, நம் காபி டிக்காஷன் மாதிரியான கனச்சாயம். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, கீழ்க் கெண்டி வெந்நீரால் நிரப்பிக் குடிப்பார்கள். அந்த முறைக்கு அந்த நேரம் சரி. சாதாரண டீபாட்டுக்கு அதைக் கொண்டுவர முடியாது.

தண்ணீர்

சூட்டையும் அளவையும் சரிசெய்த பிறகும் டீ மங்கலாக, உயிரில்லாமல் இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் போட்ட டீயும் சென்னையில் போர் தண்ணீரில் போட்ட டீயும் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம்ப முடியாது. கடினநீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து, காற்று படும் மேற்பரப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு ஆடையைக் கட்டும். கோப்பையை ஆட்டினால் அது வறண்ட ஏரிமண் வெடித்ததுபோல் துண்டு துண்டாகப் பிரியும். கோப்பை விளிம்பில் வளையமாக ஒட்டும். நிறமும் செம்மை போய்க் கறுப்பாகும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஆடை கரைந்து, நிறமும் சட்டென்று வெளிறும். உங்கள் பிரச்சினை தண்ணீரா என்று சோதிக்க இது எளிய வழி.

மறுமுனையில், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 20, 30 என்று காட்டும் ஆர்.ஓ. தண்ணீர். இதில் நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் சுவை மெலிந்து, துவர்ப்பு கூராகத் தெரியும். 50 முதல் 150 வரை டி.டி.எஸ். இருக்கும் தண்ணீர் இலைத் தேயிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தில் டி.டி.எஸ். திருகு இருந்தால் அந்த வரம்புக்குள் வைக்கலாம்; இல்லையென்றால் நல்ல குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து கொதிக்கவைக்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால், இரவு திறந்த பாத்திரத்தில் வைத்து மறுநாள் பயன்படுத்துங்கள். கிணற்றிலோ போரிலோ இரும்புச்சத்து அதிகமென்றால் டீ மைபோல் கருநீலமாகும். பழைய காலத்தில் இரும்பையும் கடுக்காய்த் துவர்ப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். அதற்குத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இருமுறை கொதித்த தண்ணீர் ஆகாது, ஆக்சிஜன் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே கரைந்திருந்த காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும். இரண்டாவது கொதியில் புதிதாக இழக்க அதிகம் இல்லை. மணிக்கணக்கில் கொதித்து வற்றிய தண்ணீரில் உப்புகள் கூடியிருக்கும், அதைத் தவிர்த்தால் போதும்.

பாட்டும் வடிகட்டியும்

பீங்கானே முதல் தேர்வு. வாசனை ஒட்டாது, ஒருமுறை சூடேறினால் நின்று தாங்கும். கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் மெல்லிய சுவர் வழியாகச் சூடு ஓடிவிடும். உறை போட்டால் அழகைப் பார்க்கவும் முடியாது. ஒற்றைச் சுவர் எவர்சில்வரும் சூட்டை வேகமாக விடும். ஜப்பானிய வார்ப்பிரும்புப் பாட் வாங்கினால் உள்ளே எனாமல் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். எனாமல் உள்ளதை அடுப்பில் வைக்கக் கூடாது. எனாமல் இல்லாததில் இலையைப் போட்டால், மேலே சொன்ன மைக் கதைதான்.

உருண்டையாகச் சங்கிலியில் தொங்கும் வலைப்பந்தை ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த இலை நனைந்தால் மூன்று நான்கு மடங்கு விரியும். பந்துக்குள் அது நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இலைக்குத் தண்ணீரே போகாது. பாட்டின் வாய் அகலத்துக்கு அடிவரை இறங்கும் வலைக்கூடை இருந்தால் நல்லது. நேரம் முடிந்ததும் தூக்கி எடுத்துவிடலாம். கூடை இல்லாவிட்டாலும் குறையில்லை. இலையைத் தாராளமாக மிதக்கவிட்டு, ஊற்றும்போது கோப்பை மேல் வடிகட்டி வைத்து வடித்தால் சுவை இன்னும் நிறைவாக வரும். அப்படியானால் ஒரே தடவையில் முழுவதையும் வடிக்க இன்னொரு சூடான பாத்திரம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது மூடியில் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அது காற்று உள்ளே வருவதற்கு. அது அடைந்தால் ஊற்றும்போது விட்டுவிட்டு வரும். மூக்கின் நுனி மெல்லியதாக, கூராக இருந்தால் டீ சுத்தமாக அறுந்து விழும். தடித்து உருண்டிருந்தால் மூக்கின் அடியிலேயே ஒழுகி மேஜைத் துணிக்கு வரும். தயங்கித் தயங்கி மெல்ல ஊற்றினால் ஒழுகல் அதிகமாகும், வேகமாகச் சாய்த்து வேகமாக நிமிர்த்துங்கள். மூக்கின் அடிப்பக்கம் துளி வெண்ணெய் தடவினாலும் ஒழுகல் நிற்கும், தண்ணீர் அங்கே ஒட்டாது.

பால், எலுமிச்சை, இஞ்சி

பால் சேர்க்கலாம், இலையைப் பொறுத்து. பாலில் உள்ள கேசின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கும். அசாம், இலங்கையின் தாழ்நிலத் தேயிலை, இலங்கை மலைப்பகுதியான ஊவாவின் தேயிலை ஆகியவை பாலைத் தாங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஊவாத் தேயிலையில் தசைவலித் தைலத்தை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த வாசனை வரும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. அது பாலுக்கு மேலும் எழுந்து நிற்கும். நுவரெலியாவையும் நீலகிரிப் பனிக்காலத் தேயிலையையும் பாலில் மூழ்கடிக்காதீர்கள். அவற்றில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மலர்வாசனை அங்கேயே முடிந்துவிடும்.

பாலை ஒருபோதும் பாட்டுக்குள் ஊற்ற வேண்டாம். இலை இறங்கும் சூடும் குறையும், கூடையின் வலையில் கொழுப்பும் படியும். 150 மில்லி டீக்கு 20 முதல் 30 மில்லி பால் போதும். காய்ச்சி, ஏடு எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் டீ ஆறிவிடும். அதிகம் சுண்டிய பால் தேயிலையை மூடிவிடும். நம் ஊர் டீயின் கெட்டித்தன்மையை இதில் எதிர்பார்க்க வேண்டாம், அது வேறு பானம், அதற்கு அடுப்பும் சி.டி.சி.யும்தான் சரி.

எலுமிச்சை சேர்ப்பதென்றால் பால் கூடாது, திரிந்துவிடும். இஞ்சி போடுவதென்றால் தட்டிய இஞ்சியை இலையோடு பாட்டில் போடலாம். ஆனால் பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருப்பதால், கொதிநீரில் முழு நேரம் ஊறிய பிறகே பாலோடு சேரட்டும். இஞ்சி, ஏலக்காய், பட்டைக்கென்று தனிப் பாட் வைத்துக்கொள்வது நல்லது. பாட் மூக்கின் உள்பக்கத்தில் ஏறிய ஏலக்காய் வாசனை அடுத்த பல பாட்களுக்கும் வரும்.

ஆறிய டீ கலங்கிப் பால்போல் ஆனால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். காபீனும் டீயின் நிறப்பொருட்களான தியாஃபிளேவின்களும் குளிரில் ஒன்றுகூடிப் படிவதால் வருவது அது. சுடுநீர் கொஞ்சம் விட்டால் தெளிந்துவிடும். கனமான தேயிலையில் இது அதிகம். நீலகிரித் தேயிலை குளிர்ந்தும் அவ்வளவாகக் கலங்காது, அதனால்தான் ஐஸ் டீக்கு அதை விரும்பி வாங்குகிறார்கள்.

மறுபடி இறக்கலாமா, எப்படி வைப்பது

இந்த அளவில் முழு நேரம் ஊறிய இலையில் இரண்டாவது தடவைக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நிறம் வரும், வாசனை வராது. முழு இலை ஓ.பி.யாக இருந்து, முதல் தடவை மூன்று நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் மட்டும், உடனே கொதிநீர் விட்டு ஆறு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். நம் வெயிலில் நனைந்த இலையைக் காலையிலிருந்து மாலைவரை பாட்டில் விட்டால் புளித்த வாடை வந்துவிடும். குடித்து முடித்ததும் கொட்டிவிடுங்கள்.

பாட்டை வெந்நீரில் அலசி, கவிழ்த்து, மூடியைத் தனியே வைத்து உலரவிட்டால் போதும். வாசனை சோப்பு மூக்கின் உள்ளே தங்கிவிடும். கறை கட்டினால் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு, கொதிநீர் நிரப்பி, அரை மணி நேரம் விட்டால் தானே கழன்றுவரும். கறை படிந்தால்தான் சுவை என்பது மெருகிடப்பட்ட பீங்கானுக்குப் பொருந்தாது. அங்கே படிவது முன்பு சொன்ன அதே கால்சிய ஆடைதான்.

தேயிலை ஆலையிலிருந்து வெளிவரும்போது அதில் சுமார் 3 சதவீத ஈரம்தான் இருக்கும். அதனால் சுற்றியிருக்கும் ஈரத்தையும் வாடையையும் தேடித் தேடி இழுக்கும். பெருங்காயம், சாம்பார்ப்பொடி, காபித்தூள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் இலையில் வியர்க்கும். இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில், டப்பா நிறையும் அளவுக்கு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பெரிய பாக்கெட்டைத் தினமும் திறப்பதற்குப் பதில், பத்து நாளைக்கானதைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியை ஒட்டிவைத்துவிடலாம். கடலோர ஊர்களில் பிரித்த பாக்கெட் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடுவதுபோல் வாங்குங்கள். இரண்டு பேர் தினம் ஒரு அரை லிட்டர் பாட் குடிக்கும் வீட்டுக்கு 250 கிராம் ஒன்றரை மாதம் வரும்.